2,63,976 ரூபாய்: தமிழ்நாட்டுக் கடனுக்கு யார் பொறுப்பு?

திரையில வர்ற இந்த எண்ணைப் பாருங்க. 2,63,976 ரூபாய். 2021 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதி நிலைமை பத்தி வெள்ளை அறிக்கை வெளியிட்டப்போ சொன்ன எண் இது. தமிழ்நாட்டுல ஒவ்வொரு குடும்பத்து மேலயும் இவ்வளவு கடன் இருக்குன்னு சொன்னார்.

அதுக்குச் சரியா ஒரு மாசம் கழிச்சு, செப்டம்பர் 9-ஆம் தேதி, ஃபோர்டு கம்பெனி இந்தியாவுல கார் தயாரிக்கறதை நிறுத்தப் போறதா அறிவிச்சுது. ஃபோர்டு ஆலை இருந்த நம்ம மறைமலை நகர்ல அந்த ரெண்டு செய்தியும் ஒரே வீட்டுக்குள்ள வந்து சேர்ந்துச்சு. வேலை போகப் போற ஒரு தொழிலாளி மேல, அவர் எங்கயும் கையெழுத்துப் போடாத இரண்டரை லட்சத்துக்கு மேல கடன். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இதை வாங்கினது யாரு?

இன்னிக்கு அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறோம். எந்தக் கட்சி அதிகம் கடன் வாங்குச்சுன்னு பார்க்கறதுக்கு இல்ல. அந்தச் சண்டையை டிவியில தினம் பார்க்குறீங்க. வாங்கினவங்க கிட்ட நாம எப்படிக் கணக்குக் கேட்கறது, ஏன் இதுவரைக்கும் கேட்க முடியலைங்கறதுதான் விஷயம்.

முதல்ல அந்தக் குடும்பக் கணக்கு. 2021-22 முடியும்போது மாநிலத்தோட மொத்தக் கடன் 5,70,189 கோடியா இருக்கும்னு மதிப்பீடு. அதைச் சுமார் 2.16 கோடி குடும்பத்தால வகுத்தாங்க. அவ்வளவுதான். இந்தப் பணத்தைக் கேட்டு யாரும் உங்க கதவைத் தட்டப் போறதில்ல. ஆனா அதை நீங்க கட்டலைன்னும் நினைக்காதீங்க. வேற வழியில கட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க. எப்படின்னு பார்ப்போம்.

2025 மார்ச் 14-ஆம் தேதி அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வச்ச 2025-26 பட்ஜெட்டை எடுத்துக்குவோம். அந்த வருஷ முடிவுல நிலுவைக் கடன் 9,29,959 கோடின்னு மதிப்பீடு. மாநிலப் பொருளாதாரத்துல இது 26.07 சதவீதம். வருஷ வருமானம் சுமார் 3,31,569 கோடி. இதுல வட்டிக்கு மட்டும் 70,000 கோடிக்கு மேல போகுது. அதாவது அரசுக்கு வர்ற ஒவ்வொரு 100 ரூபாய்லயும் 21 ரூபாய் வட்டி. பெட்ரோலுக்கு நீங்க கட்டுற வாட் வரியில, வீடு வாங்கும்போது கட்டுற முத்திரைத்தாள் கட்டணத்துல, மளிகைக் கடை ஜிஎஸ்டியில மாநிலத்துக்கு வர்ற பங்குல, அஞ்சுல ஒரு பங்கு பழைய கடனோட வட்டிக்குப் போயிடுது. நீங்க கட்டுறது இப்படித்தான்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு அதே பட்ஜெட்ல ஒதுக்கினது 13,807 கோடி. வட்டி அதைப் போல அஞ்சு மடங்கு. மாசம் 1,000 ரூபாய் வாங்குற பொம்பளைங்களாலதான் நாடு கெட்டுப் போச்சுன்னு பேசுறவங்களைக் கேட்டா எனக்குக் கோபம் வரும். அந்த ஆயிரம் ரூபாய் எங்க போகுது? கூடுவாஞ்சேரி காய்கறிக் கடைக்கும் பிள்ளைங்க நோட்டுப் புத்தகத்துக்கும்தான் போகுது. 1982-ல சத்துணவுத் திட்டம் விரிவானப்பவும் இவ்வளவு செலவு தாங்குமான்னு கேட்டவங்க உண்டு. ஏழைக்குச் செலவு பண்றது குத்தமில்ல. அந்தச் செலவுக்கான வருமானத்தைக் காட்டாம விடறதுதான் குத்தம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். அந்த வருஷம் மொத்தமா வாங்கத் திட்டமிட்ட கடன் 1,62,097 கோடி. இதுல 55,845 கோடி பழைய கடனைத் திருப்பிக் கொடுக்கவே போயிடும். மிச்சம் புதுசாச் சேர்ற கடன் ஒரு லட்சம் கோடிக்குக் கொஞ்சம் மேல. அதுவாவது ரோடு, பாலம், மெட்ரோ, ஆஸ்பத்திரின்னு போகுதான்னு பார்த்தா, முழுசாப் போகலை. வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அன்றாடச் செலவுக்கு வருமானம் போதாம விழுற ஓட்டை அது. புதுசா ஏறுற கடன்ல 100 ரூபாய்க்கு 39 ரூபாய் இந்த ஓட்டையை அடைக்கவே போகுது.

கடன் வாங்கறதே தப்புன்னு சொல்ல மாட்டேன். மெட்ரோ இரண்டாம் கட்டத்தோட மதிப்பு 63,246 கோடி. கடன் இல்லாம அதைக் கட்ட முடியாது. நம்ம பேரப்பிள்ளைங்களும் அதுல போகப் போறாங்க, அவங்களும் ஒரு பங்கு கட்டறதுல நியாயம் இருக்கு. ஆனா இந்த மாசச் சம்பளத்துக்கும் இந்த மாச மானியத்துக்கும் வாங்கின கடனை 2035-ல ஒருத்தர் கட்டும்போது அவருக்கு அதனால என்ன கிடைச்சுது? ஒண்ணுமே இல்ல. தமிழ்நாடு 2013-14-ல இருந்து ஒவ்வொரு வருஷமும் இந்த ஓட்டையோடதான் ஓடுது. அதுக்கு முன்னாடி உபரி காட்டின மாநிலம் இது.

இந்த இடத்துல யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயத்தைச் சொல்லணும். மாநில அரசுகளோட கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி ஏலம் விடும், வழக்கமா செவ்வாய்க்கிழமைகள்ல. வாங்கறவங்க வங்கிகள், எல்ஐசி, பிஎஃப் நிதி இவங்கதான். உங்க சம்பளச் சீட்டுல பிஎஃப்னு பிடிக்கிறாங்களே, அதுல பெரும்பங்கு அரசுப் பத்திரங்களுக்குப் போகுது, மாநிலப் பத்திரங்களும் அதுல உண்டு. அப்போ மறைமலை நகர் தொழிற்பேட்டையில லேத்து ஓட்டுற ஒருத்தர், அரசுக்குக் கடன் கொடுத்தவரும் அவர்தான், வரி கட்டி அந்தக் கடனை அடைக்கிறவரும் அவர்தான். நடுவுல அந்தப் பணத்தை எதுக்குச் செலவு பண்றதுன்னு முடிவு பண்ற ஆள் மட்டும் வேற. ரெண்டு முனையிலயும் இவர் நிக்கிறதாலதான் கேள்வி கேட்கற உரிமை இவருக்கு எல்லாரையும் விட அதிகம்னு நான் சொல்றேன்.

சரி, சட்டசபை கேட்காதா? கேட்கும், ஓரளவுக்கு. ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை வரும், விவாதம் நடக்கும், குரல் வாக்கெடுப்புல நிறைவேறும். ஆனா அரசியல் சட்டம் 203-ஆவது பிரிவுப்படி கடன் வட்டிக்கு ஓட்டெடுப்பே கிடையாது. பேசலாம், மறுக்க முடியாது. அது நியாயம்தான், வாங்கின கடனுக்கு வட்டி கட்ட மாட்டேன்னு ஒரு சட்டசபை சொன்னா அடுத்த செவ்வாய்க்கிழமை பத்திரம் வாங்க ஆள் இருக்காது. ஆனா இதோட விளைவைப் பாருங்க. இன்னிக்கு ஒரு அரசு பத்து வருஷப் பத்திரத்துல கடன் வாங்குது. அசல் கட்ட வேண்டிய நாள் வர்றதுக்குள்ள ரெண்டு தேர்தல் முடிஞ்சுடும். வாங்கினவர் ஒருத்தர், கைதட்டல் அவருக்கு. கட்டறவர் இன்னொருத்தர், திட்டு அவருக்கு.

அதனாலதான் ஆட்சி மாறினதும் வெள்ளை அறிக்கை வருது. 2001-ல ஜெயலலிதா அரசு வந்ததும் நிதியமைச்சர் பொன்னையன் ஒண்ணு வெளியிட்டார். இருபது வருஷம் கழிச்சுப் பழனிவேல் தியாகராஜன் ஒண்ணு. ரெண்டும் போனவங்களைப் பத்தினது. 2011-ல திமுக இறங்கும்போது கடன் சுமார் ஒரு லட்சம் கோடி. 2021-ல அதிமுக இறங்குன சமயத்துல 4,85,000 கோடி. அடுத்த அஞ்சு வருஷத்துல அது ஏறக்குறைய ரெட்டிப்பு. பொருளாதாரமும் வளர்ந்துச்சு, கொரோனா வந்துச்சு, ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்தோட வரி போடுற அதிகாரம் குறைஞ்சுச்சு, டெல்லியில இருந்து வர்ற பங்கும் குறைச்சல். இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனா 2021 அறிக்கை இன்னொண்ணையும் காட்டுச்சு: மாநிலத்தோட சொந்த வரி வருமானம், பொருளாதாரத்துல 8 சதவீதத்துக்கு மேல இருந்தது, 6-க்குக் கீழ போச்சு. வரி கேட்க வேண்டிய இடத்துல கேட்காம விட்டதும் ஒரு அரசியல் முடிவுதான்.

மின்சார வாரியத்துல இது பச்சையாத் தெரியும். 2014 டிசம்பர்ல கட்டணம் மாறுச்சு. அப்புறம் 2022 செப்டம்பர் வரைக்கும் யாரும் தொடலை. நடுவுல 2016-ல எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம். 2017-ல மத்திய அரசோட உதய் திட்டத்துல சேர்ந்தப்போ வாரியத்தோட கடன்ல 22,815 கோடியை மாநில அரசு தன் தலையில ஏத்துக்கிச்சு. எட்டு வருஷம் தள்ளிப் போட்டதை ஒரேயடியா ஏத்தினாங்க. நிலைக் கட்டணமும் உச்ச நேரக் கட்டணமும் தாங்காம 2023 செப்டம்பர்ல மாநிலம் முழுக்க சிறு, குறு தொழில் நடத்துறவங்க ஒரு நாள் கதவடைச்சாங்க. அந்த எட்டு வருஷம் கட்டணத்தை ஏத்தாம நல்ல பேர் வாங்கினவங்க யாரும் அன்னிக்குப் பதில் சொல்ற இடத்துல இல்ல.

சட்டம் இல்லாமலும் இல்ல. 2003-லயே தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டு வந்துச்சு. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்கணும், நிதிப் பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குள்ள வைக்கணும். காலக்கெடு நெருங்கும்போதெல்லாம் சட்டத்தைத் திருத்தித் தேதியைத் தள்ளி வச்சாங்க. மீறினா என்ன தண்டனைன்னு சட்டத்துல இல்லாததுதான் காரணம்.

தேர்தல் வாக்குறுதிக்கும் ஒரு விதி இருக்கு. அது நம்ம மாநிலத்துல இருந்து போன வழக்கால வந்தது. 2006-ல திமுக கலர் டிவி, 2011-ல அதிமுக மிக்சி, கிரைண்டர், ஃபேன். இதை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்குல 2013 ஜூலை 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு. இப்படி வாக்குறுதி கொடுக்கறது சட்டப்படி ஊழல் இல்ல, ஆனா தேர்தல் அறிக்கைக்குத் தேர்தல் ஆணையம் வழிகாட்டி நெறி போடணும்னு. ஆணையமும் போட்டுச்சு: வாக்குறுதிக்கான நியாயத்தையும், பணம் எங்க இருந்து வரும்ங்கறதையும் அறிக்கையிலயே சொல்லணும். 2016 தேர்தலுக்குப் பிறகு இதைச் சரியாச் செய்யலைன்னு ரெண்டு பெரிய கட்சிக்கும் ஆணையம் கண்டனமும் தெரிவிச்சுது. அதோட முடிஞ்சுது.

அறிக்கையில மட்டுமில்ல, ஆட்சியில இருந்துக்கிட்டே செய்யறதும் உண்டு. 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி. மூணே வாரத்துல தேர்தல் தேதி வந்துச்சு. செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிக்கு அது தேவைப்பட்டிருக்கும், நான் மறுக்கலை. ஆனா அதுக்கான பணத்தைத் தேடுற வேலை அடுத்து வந்தவங்களுக்குன்னு ஆகிடுச்சு.

தப்புப் பண்ணவங்க யாருமே பொறுப்பேத்துக்க மாட்டாங்களான்னு கேட்டா, பக்கத்துல இலங்கையைப் பாருங்க. 2019 கடைசியில கோத்தபாய ராஜபக்ச அரசு மதிப்புக்கூட்டு வரியை 15-ல இருந்து 8 சதவீதமாக் குறைச்சுது. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அறிவிச்சுது. 2023 நவம்பர் 14-ஆம் தேதி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கோத்தபாய, மகிந்த, பசில் மூணு பேரும், மத்திய வங்கி ஆளுநரா இருந்தவங்களும் மக்களோட நம்பிக்கையை மீறிட்டாங்க, பொருளாதாரச் சரிவுக்கு அவங்க பொறுப்புன்னு பேர் சொல்லித் தீர்ப்பளிச்சுது. தமிழ்நாட்டோட நிலைமை அது இல்ல. நமக்கு டாலர்ல அப்படிப்பட்ட கடன் சுமை இல்ல, பின்னாடி ரிசர்வ் வங்கி இருக்கு. ஆனா அந்தத் தீர்ப்பு எப்போ வந்துச்சுன்னு யோசிங்க. பெட்ரோலுக்கும் மருந்துக்கும் ஜனங்க வரிசையில நின்னு முடிச்ச பிறகு வந்துச்சு.

முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கு. ஆஸ்திரேலியாவுல 1998-ல ஒரு சட்டம் போட்டாங்க. தேர்தல் அறிவிப்பு முறைப்படி வந்து பத்து நாளைக்குள்ள, நாட்டோட நிதி நிலைமையை நிதித்துறைச் செயலாளர்கள் தங்க கையெழுத்துல வெளியிடணும். அமைச்சர் அதுல கை வைக்க முடியாது. கட்சிகளோட வாக்குறுதிக்கு எவ்வளவு செலவாகும்னு கணக்குப் போட நாடாளுமன்றத்துக்குக் கீழ தனி அலுவலகமும் இருக்கு. நம்ம ஊர்ல வெள்ளை அறிக்கை தேர்தல் முடிஞ்ச பிறகு, ஜெயிச்சவங்க எழுதுறது. அதைத் தேர்தலுக்கு முன்னாடி, அதிகாரிகள் எழுதுறதா மாத்தணும். அதே பொறுப்புடைமைச் சட்டத்துல ஒரு திருத்தம் போதும். இத்தனை முறை திருத்தின சட்டம்தானே அது.

சட்டசபையோட பொதுக் கணக்குக் குழுவுக்கும் எதிர்க்கட்சிக்காரர் தலைவரா இருக்கணும்ங்கறது பழைய மரபு. தணிக்கை அறிக்கையை வச்சுக் கேள்வி கேட்கற குழு அது. 2021-ல அமைஞ்ச சட்டசபையில அந்தப் பதவி ஆளுங்கட்சிக் கூட்டணியில இருந்த காங்கிரசுக்குப் போச்சு. இது எழுதப்படாத மரபா இருக்கறதாலதான் இப்படி ஆகுது, விதியில எழுதிடணும்.

இப்போ நீங்க செய்யக்கூடிய வேலை. ஒவ்வொரு பட்ஜெட்டோடயும் நடுத்தர கால நிதித் திட்டம்னு ஒரு ஆவணம் வரும். நிதித்துறை இணையதளத்துல தமிழ்லயே பட்ஜெட் ஆவணங்கள் கிடைக்கும். அதுல வருவாய்ப் பற்றாக்குறைங்கற ஒரே ஒரு வரியைத் தேடுங்க. அடுத்தடுத்த வருஷங்களுக்கு என்ன எண் கொடுத்திருக்காங்கன்னு குறிச்சு வைங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்த ஆவணத்துல இதே வருஷத்துக்கு என்ன எண் சொன்னாங்கன்னும் பாருங்க. ரெண்டும் பொருந்தலைன்னா, அந்த ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து உங்க எம்எல்ஏவுக்கு அனுப்புங்க. ஓட்டுக் கேட்டு உங்க தெருவுக்கு வர்ற ஒவ்வொரு வேட்பாளர் கிட்டயும் அதே தாளை நீட்டி, நீங்க சொல்ற திட்டத்துக்கு எந்த வரியை ஏத்துவீங்க, எந்தச் செலவைக் குறைப்பீங்கன்னு கேளுங்க. அவங்க சொல்ற பதிலைத் தேதி போட்டு இந்தக் காணொளிக்குக் கீழ எழுதுங்க. அடுத்த பட்ஜெட் வந்ததும் அந்தப் பதில்களை ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பேசுவோம்.