விசைப்பலகையும் எழுத்தறிவும்

எழுத்தறிவு பற்றிப் பேசும்பொழுது, எழுத்தை அறிந்தவர், அறியாதவர் என மக்களை இரு பிரிவினராக்கி, முன்னவரின் தொகையைக் கணக்கிடுவதோடு நாம் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றோம். எழுதும் கருவி எது, அக்கருவி எழுதுவோரிடமிருந்து எவ்வகை அறிவை வேண்டி நிற்கின்றது, எவ்வகை அறிவை வேண்டாததாக்குகின்றது என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்படுவதில்லை. இன்று இளந்தலைமுறையினரின் அன்றாட எழுத்துவேலை பெரும்பாலும் கைத்தொலைபேசியின் திரைக்கு மாறிவிட்டது. தமிழைப் பேசியும் வாசித்தும் வரும் இளைஞர் பலர், அதனை எழுதும்பொழுது ஆங்கில எழுத்துகளையே கையாள்கின்றனர். இதனை மொழிப்பற்றின்மையின் விளைவெனக் கண்டிப்போர் உளர். காலத்தின் போக்கென அமைதி காண்போரும் உளர். இவ்விரு நிலைப்பாடுகளும் இவ்வழக்கத்தின் பௌதிக அடிப்படையை நோக்கத் தவறுகின்றன என்பதே எமது கருத்தாகும். அவ்வடிப்படையை விளங்கிக்கொண்டாலன்றி, மொழி கற்பித்தலில் நாம் செய்யவேண்டியது யாதென்பதும் தெளிவாகாது.

1. கருவியும் எழுத்தறிவும்

கருவி மாறும்போது எழுத்தறிவின் உள்ளடக்கமும் மாறுவது தமிழுக்குப் புதியதன்று. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் வடிவால் வேறுபடுத்தப்படவில்லை. எனவே சுவடி வாசித்தல் என்பது வெறுமனே எழுத்துக் கூட்டுதலன்று. சொல்லையும் யாப்பையும் முன்னரே அறிந்த ஒருவர், இடம் நோக்கிப் புள்ளியை மனத்தால் இட்டு வாசிப்பதாகவே அது அமைந்தது. இத்தகைய பயிற்சி ஒரு சிறு குழாத்தினருக்கே வாய்த்ததில் வியப்பில்லை.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டை வடிவிற் புலப்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவி, பாலபாடங்களை அச்சிட்டு, நிறுத்தக்குறிகளோடு கூடிய உரைநடையைப் பரப்பினார். இவற்றின் பயனாக, முன்னர் வாசகரின் நினைவில் இருந்த அறிவின் ஒரு பகுதி தாளில் இடம்பெறலாயிற்று. வாசிப்பு எளிதாயிற்று, வாசிப்போர் தொகையும் பெருகிற்று. 20ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து மலாயாவிற் பணிபுரிந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளுள் அடக்கும் தேவை காரணமாக, எழுத்து உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ‘கொ’ என்பதைத் தட்டச்சிடுவோர் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே அடித்தனர். கை எழுதிய முறையையே விசையும் பின்பற்றியது.

2. குறுஞ்செய்தியின் பொருளாதாரம்

கைத்தொலைபேசி இத்தொடர்ச்சியில் ஒரு முறிவை ஏற்படுத்திற்று. 1992ஆம் ஆண்டு டிசம்பரில் முதலாவது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அத்தொழினுட்பத்தில் ஒரு செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 1,120 பிட்டுகள் மாத்திரமே. ஆங்கில எழுத்தொன்றுக்கு 7 பிட்டுகள் போதுமாதலின், ஒரு செய்தியில் 160 எழுத்துகள் அடங்கின. தமிழ் முதலிய பிற எழுத்துகளுக்கோ 16 பிட்டுகள் வீதம் வேண்டியிருந்தமையால், 70 குறிகளே அடங்கின. இக்குறிகளும் எழுத்துகளும் ஒன்றல்ல. யுனிகோட் முறையிற் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும்.

‘வணக்கம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இது ஐந்து எழுத்து. ஆனால் இரு புள்ளிகளையும் சேர்க்க ஏழு குறிகளாகி, 112 பிட்டுகளைக் கொள்ளும். அதே சொல்லை ஆங்கில எழுத்திலே எழுதினால் எட்டு எழுத்துகள் வேண்டும். எனினும் அவை கொள்ளும் இடம் 56 பிட்டுகள். எழுத்தெண்ணிக்கையிற் சுருங்கிய தமிழ், இடத்தில் இரு மடங்காகின்றது. செய்திக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்திய ஒருவருக்கு இதன் பொருள் யாதென விளக்க வேண்டியதில்லை. அத்துடன், அக்காலக் கைத்தொலைபேசிகளின் விசைகளில் ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டிருந்தன. அனுப்புவோர் தமிழில் எழுதினும், பெறுவோரின் கருவி அதனை வெற்றுப் பெட்டிகளாகக் காட்டும் நிலை 2010ஆம் ஆண்டையடுத்த காலம் வரையிலும் நீடித்தது.

ஆகவே, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கம், மொழியை வெறுத்தவர்களால் தோற்றுவிக்கப்பட்டதன்று. தமிழரைக் கருத்திற் கொள்ளாது அமைக்கப்பட்ட கருவியினுள், குறைந்த செலவில் தமிழ் பேச முயன்றோர் கண்ட வழி அது. ஆயின் இன்று அக்காரணங்கள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. 1991இல் வெளியான முதற் பதிப்பு முதலே யுனிகோடில் தமிழ் இடம்பெற்றுள்ளது. 2005இல் முத்து நெடுமாறனின் செல்லினம் கைத்தொலைபேசியில் தமிழிலேயே எழுதும் வாய்ப்பைத் தந்தது. இணையவழிச் செய்திகளுக்கு எழுத்தெண்ணிக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. காரணம் நீங்கிய பின்னரும் வழக்கம் நிலைத்து நிற்பதே இப்பொழுது எம்முன் உள்ள பிரச்சினையாகும்.

3. வாசிப்பும் எழுதுகையும் பிரிதல்

இவ்வழக்கம் மொழியறிவை எவ்வாறு பாதிக்கின்றது? பி, ஏ, எல், ஏ, எம் என்னும் ஐந்து எழுத்துகள் பலம், பழம், பாலம் ஆகிய மூன்று சொற்களுக்கும் பொதுவாக நிற்கக் கூடும். எம், ஏ, என், ஏ, எம் என்பன மனத்தையும் மணத்தையும் மானத்தையும் ஒருங்கே குறிக்கலாம். வாசிப்போர் இடம் நோக்கிப் பொருள் கொள்கின்றனர். ஒருவகையில் இது புள்ளியில்லா ஓலையை வாசித்த பழைய முறையை ஒத்தது. வேறுபாடு யாதெனில், சுவடி வாசித்தவர் விடுபட்டதை நிரப்பும் பயிற்சியை முன்னரே பெற்றிருந்தார். இன்றைய மாணவரோ அவ்வேறுபாடுகளைக் கற்றுக்கொள்ளும் பருவத்திலேயே அவற்றை விடுத்து எழுதப் பழகுகின்றார்.

லகர, ளகர, ழகரங்களும் ரகர றகரங்களும் னகர ணகரங்களும் மாணவரை எக்காலத்தும் மயங்கச் செய்தவையே. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பொதுவாக ளகரமாகவே ஒலிக்கின்றது. எனவே இவ்விரண்டன் வேறுபாட்டைக் காது கற்பிப்பதில்லை. திரும்பத் திரும்ப எழுதிய கையே கற்பிக்கின்றது. அவ்வெழுதுகை குறையும்போது வேறுபாட்டின் ஒரே பிடிமானமும் தளர்கின்றது.

ஆங்கில எழுத்தைத் தட்டத் தமிழ்ச் சொல்லைத் தரும் முறை இதனை ஓரளவே ஈடுசெய்கின்றது. அது தரும் பட்டியலிலிருந்து சொல்லைத் தெரிவு செய்வதற்கு, அதனைக் கண்டறியும் அறிவு போதும். தாமே உருவாக்கும் அறிவு வேண்டியதில்லை. பலமும் பழமும் ஆகிய இரண்டும் பிழையற்ற சொற்களாதலின், தவறான தெரிவைச் சொற்திருத்தி பெரும்பாலும் சுட்டிக் காட்டுவதுமில்லை. சீனத்தில், உரோம எழுத்தால் ஒலியைத் தட்டி எழுத்துருவைத் தெரியும் முறை பரவியபின், வாசிக்கத் தெரிந்த எழுத்தைக் கையால் எழுத மறத்தல் அங்கு பரவலாகப் பேசப்படும் பொருளாயிற்று. தமிழ் நெடுங்கணக்கு 31 அடிப்படை எழுத்துகளால் ஆயதாகலின், எழுத்தின் வடிவம் மறக்கும் என அஞ்ச வேண்டியதில்லை. மறக்கக்கூடியது, எச்சொல்லுக்கு எவ்வெழுத்து என்னும் அறிவேயாகும்.

4. பேச்சுவழக்கு எழுத்தேறல்

இம்மாற்றத்தை இழப்பாக மாத்திரம் நோக்குவதும் பொருந்தாது. 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை இவ்விடத்து நினைவுகூரலாம். சாதாரண மக்களின் பேச்சைப் புனைகதையில் எழுதுவதை மரபுவாதிகள் ‘இழிசனர் வழக்கு’ எனப் பழித்தனர். முற்போக்கு எழுத்தாளர் அம்மக்களின் மொழிக்காக வாதாடினர். அன்று மக்களின் பேச்சை எழுதியவர் எழுத்தாளரே. இன்று மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மலையகத்திலும் தத்தம் பேச்சைத் தாமே நாள்தோறும் எழுதுவோர் எண்ணற்றோர். கடிதம் எழுதத் தயங்கியோரும் எழுதுகின்றனர். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையேயுள்ள இடைவெளி, பலரை எழுத்திலிருந்து விலக்கி வைத்த ஒரு தடையாகும். அத்தடை இங்கே தகர்கின்றது.

எனினும் இதன் மறுபக்கத்தையும் மனங்கொள்ளல் வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதப்படும் தமிழ், ஆங்கில எழுத்தறிவை நிபந்தனையாகக் கொண்டது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு தாய், தன் பிள்ளை தன் பேச்சிலேயே எழுதிய செய்தியை வாசிக்க இயலாதவளாகின்றாள். அவளுக்குக் குரற்செய்தியே எஞ்சுகின்றது. அவள் பெற்ற எழுத்தறிவு அவ்விடத்திற் பயனற்றுப் போகின்றது. தாய்மொழிக் கல்வியால் எழுத்தறிவு பெற்றோரைப் புதிய வகையில் எழுத்தறியாதோர் ஆக்கும் இந்நிலை, சமூக அக்கறையுடையோர் கருத்திற் கொள்ளவேண்டியதொன்றாகும்.

5. பாடசாலை செய்யவேண்டியது

பரீட்சை மண்டபத்தில் மாணவர் தமிழைக் கையால் எழுதுகின்றனர். வெளியே வந்ததும் திரையில் வேறு எழுத்தால் எழுதுகின்றனர். பாடசாலை முன்னதை மட்டும் தன் பொறுப்பெனக் கருதிப் பின்னதைக் கண்டும் காணாதிருக்கின்றது. இந்நிலை மாறவேண்டும்.

முதலாவதாக, ஆரம்ப வகுப்புகளிற் கையெழுத்துப் பயிற்சி எவ்வகையிலும் குறைக்கப்படலாகாது. இரண்டாவதாக, தமிழ் விசைப்பலகையைத் தமிழ்ப் பாடத்தின் ஒரு பகுதியாகவே கற்பித்தல் வேண்டும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளே தமிழுக்குப் போதியன. மெய்யை அடுத்து உயிரைத் தட்ட உயிர்மெய் பிறக்கின்றது. ககரத்தை இருமுறை தட்ட, முன்னதற்குப் புள்ளி தானே அமைகின்றது. இலக்கண வகுப்பில் விதியாகக் கேட்ட உயிர்மெய்ப் புணர்ச்சியை மாணவர் விரலால் அறிந்துகொள்கின்றனர். லகரமும் ளகரமும் ழகரமும் வெவ்வேறு விசைகளாதலின், எழுதுந்தோறும் வேறுபாட்டை எண்ணியே தீரவேண்டும். மூன்றாவதாக, மாணவர் தம் பேச்சுவழக்கைத் தமிழ் எழுத்திலேயே எழுத வகுப்பறை இடமளித்தல் வேண்டும். அதனையும் எழுத்து வழக்கையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் சிறந்த மொழிப்பயிற்சியாகும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மாணவரின் கையிலுள்ள கருவியே போதுமானது. ஆசிரியர் பயிற்சியில் இதற்கு இடமளிக்கப்படுதலே முதற் தேவை. ஒரு மொழியின் எழுத்து, கற்றறிந்தோர் அதனைப் போற்றுவதால் மாத்திரம் நிலைபெறுவதில்லை. சந்தைக்குப் போகும் வழியில் ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் இரு வரிச் செய்தியிலும் அது பயன்படல் வேண்டும். அவ்விரு வரியைத் தமிழில் எழுதுவது எளிதென ஒவ்வொரு மாணவருக்கும் காட்டிக்கொடுப்பதே இன்றைய தமிழாசிரியரின் கடமையாகும்.