தொடர்ச்சியும் வளர்ச்சியும்

நேயர்களே, பெரும் புகழ் எய்திய திரைப்படத்திற்குப் பின்னாளில் இரண்டாம் பாகம் எடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பொருளும் தொழில்நுட்பமும் முன்னையினும் மிகுந்திருந்தும், பின்னது முன்னதற்கு ஈடாகாமற் போவது ஏன்? ஷங்கர் இயக்கத்தில் 1996ஆம் ஆண்டு வெளிவந்த 'இந்தியன்', 2024ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி வெளிவந்த 'இந்தியன் 2' ஆகிய இரண்டையும் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதற் படத்தின் நாயகர் சேனாபதி, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திற் பணிபுரிந்த முதியவர். தீக்காயமுற்ற மகளுக்குச் சிகிச்சை அளிக்க மருத்துவர் இலஞ்சம் கேட்கிறார். கொடுக்க மறுத்த தந்தை மகளை இழக்கிறார். பின்னர் அவருடைய மகன் சந்துரு, இலஞ்சம் பெற்றுக்கொண்டு, பிறேக் பழுதான பஸ் வண்டிக்குத் தகுதிச் சான்று வழங்குகிறான். அவ்வண்டி விபத்துக்குள்ளாகிப் பள்ளிச் சிறார் மாள்கின்றனர். ஊரார் பிள்ளைக்கு ஒரு நீதி, தன் பிள்ளைக்கு ஒரு நீதி என்று கொள்ளாது, மகனையும் தம் கையாலேயே தண்டிக்கிறார் சேனாபதி. கொலையால் ஊழல் ஒழியுமா என்பது வேறு வினா. கொண்ட கொள்கைக்குரிய விலையை அவர் தம் வீட்டிலிருந்தே கொடுத்தார் என்பதே நம் நெஞ்சை உருக்குகிறது. கமல்ஹாசனுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த நடிப்பிற்கு உயிரூட்டியதும் அத்துயரமே.

இரண்டாம் பாகத்தில் வனப்பிற்குக் குறைவில்லை. தாய்பே நகரிலிருந்து திரும்பும் சேனாபதி, அவரவர் வீட்டிலுள்ள ஊழலை முதலிற் களையுமாறு இளைஞர்களுக்கு அறிவுறுத்துகிறார். அதனை ஏற்ற சித்ரா அரவிந்தன் என்னும் இளைஞன் தன் தந்தையின் குற்றத்தை வெளிப்படுத்துகிறான். அவமானம் தாளாது தாய் உயிர்துறக்கிறாள். சொன்னவர் எதையும் இழக்கவில்லை. கேட்டு நடந்தவனோ தாயை இழந்தான். அறிவுரை கூறியவரின் பொறுப்பு யாது? முதற் படம் எழுப்பாத இவ்வினாவே இரண்டாம் படத்தின் உண்மையான கரு. ஆனால் அது வளருமுன், நகருக்கு நகர் நிகழும் தண்டனைகளும் ஒற்றைச் சில்லு வண்டித் துரத்தலும் நேரத்தை விழுங்கிவிடுகின்றன. கதை இரு பாகங்களாகப் பகுக்கப்பட்டமையால், படமும் முடிவெய்தாது, மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டி விடைபெறுகிறது.

பரிசளிப்பு விழாதோறும் நேர்மையின் மேன்மையை எடுத்துரைக்கும் பாடசாலை அதிபர்களுள் நானும் ஒருவன். அதனைக் கேட்டு நடந்த பிள்ளைக்கு வீட்டில் யாது நேர்ந்தது என்று நான் ஒருநாளும் உசாவியதில்லை. குறையுள்ள இப்படத்தின் அந்த ஒரு காட்சி என்னைச் சுட்டது. படம் அங்கே சற்று நின்றிருக்கலாகாதா என்று ஏங்கினேன்.

நேயர்களே, பழைய நாயகரை மீண்டும் அழைத்து வருவது தொடர்ச்சி மாத்திரமே. முன்னைய கதை விடுத்துச் சென்ற வினாவை மேலும் ஒரு படி கொண்டு செல்வதே வளர்ச்சி. முன்னதைப் பணத்தாற் பெறலாம். பின்னதைச் சிந்தனையாலன்றிப் பெற இயலாது.