விசுக்கோத்துக்கு ஓர் ஊர்ப் பெயர்

எமது மூத்தவர்கள் பிஸ்கட்டை விசுக்கோத்து என்பார்கள். பேக்கரி அடுப்புக்குப் போறணை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய அவர்கள் பத்து வருடத்தில் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். சொற்கள் மட்டும் எம்மிடம் தங்கிவிட்டன. இத்தாலியரும் போறணையைப் போர்னோ என்றும் பிஸ்கட்டை பிஸ்கொத்தோ என்றும்தான் சொல்கிறார்கள். இரண்டு முறை சுட்டது என்பது அதன் பொருள். அப்படிப் பார்த்தால், மிஞ்சிய பாணை வெட்டி மீண்டும் போறணையில் வைத்து எம்மவர் எடுக்கும் ரஸ்க்தான் அசல் பிஸ்கொத்தோ!

மிலானில் தொழில் புரியும் ஓர் இளைஞர் விடுமுறையில் வந்தபோது எமது கடைக்குச் சில பொதிகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பெயர். பிராத்தோ நகரின் கந்தூச்சி என்பது மா, சீனி, முட்டை, பாதாம் பருப்பு சேர்த்து நீளமாகச் சுட்டு, சரிவாக வெட்டி, மறுபடியும் சுடுவது. கல் போல இருக்கும், நாட்பட இருந்தாலும் கெடாது. அந்நகரில் மத்தேயி என்பவர் 1858இல் திறந்த கடை இன்றும் அதை விற்கிறது. அதை இனிப்பு வைனில் தோய்த்துத் தின்பது அவர்கள் வழக்கம். எமக்கு பிளேன்டீ போதும். அமரெத்தி என்ற வகை சரோன்னோவில் மொறுமொறுப்பாகவும் சசெல்லோவில் மெதுவாகவும் இருக்கும். சியெனாவின் ரிச்சரெல்லி முட்டை வெள்ளைக்கருவும் பாதாமும் சேர்ந்தது. 2010 முதல் ஐரோப்பியச் சட்டப்படி அந்தப் பிரதேசத்துக்கு வெளியே செய்து அந்தப் பெயரில் விற்க முடியாது.

இறக்குமதி செய்ய நினைப்போர் கவனிக்க: சிலவற்றில் மதுசாரமும் சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் சேரும். பொதியின் பின்பக்கத்தை வாசிக்காமல் ஓர்டர் கொடுக்க வேண்டாம்.

எமது பேக்கரிகளில் விற்கும் ஞானகத்தாவுக்கும் இப்படியொரு கதை உண்டு. குஜராத்தின் சூரத் நகரில் ஒல்லாந்தருக்குப் பாண் சுட்ட போறணையை ஒரு பார்சிக்காரர் பொறுப்பேற்றார், உள்ளூர் மக்களுக்காகக் கள்ளையும் முட்டையையும் நீக்கினார், அதிலிருந்து நான்கட்டாய் பிறந்தது என்று அங்குள்ள கடைக்காரர்கள் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் யார் என்று பார்த்துச் சரக்கை மாற்றியவர் அவர்.

நாமோ பெயரே போடாமல் விற்கிறோம். சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த பேக்கரியொன்றின் ரஸ்க்கை வெறும் பொலித்தீன் பையில் மலையகத்துக்கு அனுப்பினோம். வாங்கிய மொத்த வியாபாரி தனது லேபலை ஒட்டி விற்றார். பிறகு விலையைக் குறைக்கச் சொன்னார், மறுத்தபோது வேறு பேக்கரியிடம் போனார். தின்றவர் எவருக்கும் மாற்றம் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன, ஊர்ப் பெயரை நாங்கள்தான் எழுதவில்லை. 2022 நெருக்கடியில் கோதுமை மாவும் காஸும் விலையேறி சிறிய பேக்கரிகள் பல மூடப்பட்டபோது, பெயரில்லாத சரக்கைத் தேடி எவரும் வரவில்லை.

பாதாம் எமக்கு இறக்குமதிச் சாமான். ஆனால் வாகரைப் பக்கம் கஜு இருக்கிறது. முழுப் பருப்பை விட உடைந்த பருப்பு மலிவு, பிஸ்கட்டுக்கு அதுவே போதும். தூத்துக்குடியில் முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி மூன்றையும் வைத்து மக்ரூன் செய்து ஊர்ப் பெயராலேயே விற்கிறார்கள். ஏறாவூர் கஜு ரஸ்க், காத்தான்குடி ஞானகத்தா என்று ஒருவர் துணிந்து அச்சடித்தால் என்ன?

இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம் எமது புலமைச் சொத்துச் சட்டமும் திருத்தப்பட்டு இங்கேயே பதிவு செய்ய வழி வந்தது. ஆனால் தனி ஒருவரின் கடைக்கு அது கிடைக்காது. ஊரின் பேக்கரிக்காரர்கள் ஒன்றுகூடி, என்ன மா, எவ்வளவு கஜு, எத்தனை முறை சுடுவது என்று ஒரே அளவுக்கு வர வேண்டும். எதிரெதிர்க் கடைக்காரர்கள் ஒரே பாயில் அமர்வதுதான் இதில் கஷ்டமான பகுதி. அதுவரை பொதியில் பெயர், முகவரி, நிறை, திகதி நான்கையும் ஒழுங்காக அச்சடிக்கலாம். சுகாதாரப் பரிசோதகர் எப்படியும் அதைக் கேட்கத்தான் போகிறார்.