கால் கடுக்க நின்றது ஒரு வருஷம், ஓடி ஏறியது மறு வருஷம்!



எங்கள் பொம்மையார்பாளையம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிற ஊர். இதே சாலையில் வடக்கே போனால் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. போதாததற்கு 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? லீவு விட்டால் போதும், "எப்பம்மா போறோம்?" என்று ஒரே நச்சரிப்புதான்.

போன வருஷம் காணும் பொங்கலன்று ஒரு பூங்காவுக்குப் போனோம் (எந்தப் பூங்கா என்பது வேண்டாமே). கூட்டமான கூட்டம்! கொலம்பஸ் கப்பலுக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நின்றோம். மூட்டுவலிக்கார மாமியார் ஒரு மரத்தடியில் பைகளோடு உட்கார்ந்துவிட்டார். ஒருவழியாக முனைக்கு வந்தால், அங்கே வரைந்திருந்த கோட்டுக்குப் பக்கத்தில் சின்னவளை நிறுத்திப் பார்த்து, "உயரம் பத்தலைம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இடுப்புக் கம்பி சின்ன உடம்பைப் பிடிக்காது, நல்லதுக்குத்தான் அந்த விதி. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவள் முகம் சுண்டிப் போனதே! அக்கா மட்டும் ஏறினாள். பஸ்ஸில் வாயே திறக்காமல் வந்தவள், மரக்காணம் தாண்டியதும், "நான் எப்பம்மா வளருவேன்?" என்றாள். எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.

அன்றைக்கே சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். 117 சென்டிமீட்டர். அவளுக்கு வேண்டியது 120.

இந்த வருஷம் நாளைப் பார்த்துப் போனோம். மேல்மலையனூர் தேருக்கு எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள் அல்லவா? அன்று சென்னையில் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் உண்டு. இதை யோசித்தது நான்தான். வீட்டுக்காரர் இப்போது தன் யோசனை மாதிரி சொல்லிக்கொள்கிறார்!

எந்த ராட்டினத்துக்கு எத்தனை உயரம் என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடுப்போடு விட மாட்டார்கள், நைலான் உடுப்புதான். அதை வாடகைக்கு எடுக்கவே அங்கு ஒரு வரிசை நிற்கும். நாங்கள் வீட்டிலிருந்தே கொண்டு போனோம். உள்ளே வெளிச்சாப்பாடு கூடாது என்பதால் கட்டிக்கொண்டு போன இட்லியை வாசலிலேயே முடித்தோம். திறந்ததும் உள்ளே போகிறவர்கள் எல்லாரும் கண்ணில் படுகிற முதல் ராட்டினத்திலேயே மொய்ப்பார்கள். நாங்கள் நேரே கடைசிக் கோடிக்கு நடந்தோம். மத்தியானம் ஒரு மணிக்கு ஊரே சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது பிள்ளைகள் பெரிய ராட்டினங்களில் இருந்தார்கள்.

இன்னொன்று, வரிசையைப் பார்த்ததும் பயப்படாமல் கணக்குப் போடுங்கள். கப்பலில் நாற்பது பேர் உட்கார்ந்து, ஆடி இறங்க ஐந்து நிமிஷம் என்றால், முன்னால் இருநூறு பேர் நின்றாலும் இருபத்தைந்து நிமிஷம்தான். அதே இருநூறு பேர் எட்டுப் பேர் ஏறுகிற ராட்டினத்துக்கு நின்றால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல்! ரேஷன் கடையில் நின்று பழகிய நமக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய விஷயமா?

கூடுதல் பணம் கட்டினால் தனி வரிசை என்பதும் இப்போது சில பூங்காக்களில் உண்டு, திருமலையில் 300 ரூபாய் தரிசனம் மாதிரி. அமெரிக்காவில் டிஸ்னி பூங்காவில் 1999-ல் நேரம் போட்ட சீட்டை இலவசமாகத்தான் கொடுக்க ஆரம்பித்தார்களாம். 2021-ல் அதற்கும் காசு வைத்துவிட்டார்கள். கூட்ட நாளில், ஒன்றிரண்டு பேர் என்றால் வாங்கலாம். ஐந்து பேருக்கு வாங்கினால் எங்கள் வீட்டு மாதப் பால் கணக்கு இடிக்கும். கூட்டமில்லாத நாளில் அது தண்டச் செலவு.

சரி, சின்னவள் கதைக்கு வருகிறேன். சுவர்க் கோடு 122-ஐத் தொட்டிருந்தது. முதல் வேலையாகக் கொலம்பஸுக்குத்தான் ஓடினாள். பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. இறங்கி வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. "இன்னொரு வாட்டி போறியா?" என்று அக்கா கேட்டதற்கு, "ஆயாவுக்குத் துணைக்கு நான் உக்கார்றேன்" என்று மாமியார் மடியில் போய் ஒட்டிக்கொண்டாள்!

— ஒரு வாசகி, பொம்மையார்பாளையம்