போதை தெளிந்த ஊர்கள் – 7: பத்து மணிக்குள் வீடு

சென்ற வாரம் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் திரண்டு சாராயக் கடையை மூடவைத்ததைப் பார்த்தோம். கடையை மூடிவிட்டால் போதுமா என்ற கேள்வி அங்கேயே தொக்கி நின்றது. அதைப் பல பத்தாண்டுகள் சோதித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. வட அட்லாண்டிக் கடலில், ஜன்னலைத் திறந்தால் பனிக்காற்று முகத்தில் அறையும் ஐஸ்லாந்து. இன்றைக்கும் மொத்த மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடவில்லை.

1908-இல் ஐஸ்லாந்துக்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி மது வேண்டாம் என்றார்கள். 1915-இல் முழு மதுவிலக்கு வந்தது. ஆனால் அந்த நாட்டுக்குச் சோறு போட்டது மீன். உப்பிட்டுக் காயவைத்த காட் மீனைப் பெருமளவில் வாங்கிய ஸ்பெயின், “எங்கள் ஒயினை நீங்கள் வாங்காவிட்டால் உங்கள் கருவாடு எங்களுக்கு வேண்டாம்” என்கிற தோரணையில் நெருக்கியது. 1922-இல் ஒயின் உள்ளே வந்தது. 1935-இல் மற்ற மதுவகைகளும் வந்தன. பீர் மட்டும் வெளியே நின்றது. விஸ்கி வாங்கலாம், பீர் வாங்கக் கூடாது என்ற விசித்திரம் 1989 மார்ச் 1 வரை நீடித்தது. மது விற்பனை அங்கேயும் அரசின் கையில்தான். நம் டாஸ்மாக்கைப் போலத் தெருமுனைக்குத் தெருமுனை இல்லை, அவ்வளவுதான்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் 1990-களில் தலைநகர் ரெய்க்யவிக்கின் வெள்ளிக்கிழமை இரவு எப்படி இருந்தது என்றால், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் கும்பல் கும்பலாகத் தள்ளாடிக்கொண்டு திரிந்தார்கள். கடையில் கிடைக்காதபோது ‘லாண்டி’ என்ற கள்ளச்சாராயம் இருந்தது. 1998-இல் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டபோது, கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்ததாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். தினம் சிகரெட் பிடிப்பவர்கள் 23 சதவீதம். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் 17 சதவீதம்.

இதற்கு மருந்தாக அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நாம் செய்வதைத்தான். வகுப்புக்கு ஒருவர் வந்து குடித்தால் ஈரல் கெடும், புகைத்தால் நுரையீரல் கருகும் என்று படம் காட்டுவார். பிள்ளைகள் பார்ப்பார்கள், வெள்ளிக்கிழமை வந்ததும் கிளம்பிவிடுவார்கள். நம் ஊரில் ஜூன் 26 வந்தால் வெயிலில் பதாகையோடு நடக்கவைக்கிறோம், உறுதிமொழி வாங்குகிறோம். யாரிடம்? குடிக்காத எட்டாம் வகுப்புப் பையனிடம். இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. ஐஸ்லாந்தின் ஆய்வாளர்கள் முதலில் கைவிட்டதே இந்த முறையைத்தான்.

கதைக்குள் ஓர் அமெரிக்கர் வருகிறார். ஹார்வி மில்க்மேன் என்ற உளவியலாளர். ஒருவன் எந்தப் போதையைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது அவன் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்க விரும்புகிறான் என்பதைப் பொறுத்தது என்று தன் ஆய்வில் சொன்னவர். அப்படியானால் அந்தக் கிறுகிறுப்பை ஆட்டம், பாட்டு, தற்காப்புக் கலை இவற்றின் வழியே கொடுத்துப் பார்த்தால் என்ன என்று டென்வர் நகரில் 1992-இல் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே ஐஸ்லாந்து அவரைப் பேச அழைத்திருந்தது. யோசனை அவருடையது என்றாலும் அதை ஊர் முழுக்க ஓடும் வண்டியாக மாற்றியவர்கள் உள்ளூர்ச் சமூகவியலாளர்கள். இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர் அவர்களில் முக்கியமானவர்.

அவர்கள் கேள்வித்தாளோடு தொடங்கினார்கள். 1992, 1995, 1997 என்று நாட்டின் பள்ளிகளில் பதினான்கு முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம், பெயர் எழுதாமல், நிரப்பித் தரச் சொன்னார்கள். குடித்தாயா என்பது மட்டும் கேள்வியில்லை. அப்பா அம்மாவோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய்? உன் நண்பர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியுமா? மாலையில் எங்கே போகிறாய்? பள்ளியில் உன்மேல் யாருக்காவது அக்கறை இருக்கிறதா? பதில்களை அடுக்கிப் பார்த்தபோது குடிக்கிற பிள்ளைக்கும் குடிக்காத பிள்ளைக்கும் நடுவே சில கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. வாரத்தில் மூன்று நான்கு நாள் பயிற்சியாளர் மேற்பார்வையில் விளையாட்டோ இசையோ கற்கிறவர்கள், பெற்றோரோடு வார நாட்களில் நேரம் கழிக்கிறவர்கள், இரவு வெளியே சுற்றாதவர்கள் குறைவாகக் குடித்தார்கள். போதையின் கெடுதல் யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது இந்தக் கோடுகளில் ஒன்றாக இல்லை.

எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி, பிள்ளைகளிடம் எதையும் கேட்காமல் பெரியவர்களின் மாலைப்பொழுதில் கை வைத்தது. பள்ளிக்கூடம்தோறும் பெற்றோர் அமைப்பு சட்டப்படி கட்டாயமானது. பெற்றோர்கள் கூடி உட்கார்ந்து உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள்: பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து வைக்க விடமாட்டோம், வயது வராதவர்களுக்கு மது வாங்கித் தரமாட்டோம், அடுத்தவர் பிள்ளை மேலும் ஒரு கண் வைப்போம். ‘எல்லா வீட்லயும் விடறாங்க, நீங்க மட்டும்தான்’ என்று எந்த நாட்டுப் பிள்ளையும் சொல்லும். எல்லா வீட்டாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வாதம் செத்துவிடுகிறது.

இரவு நேர விதியும் இறுகியது. பன்னிரண்டு வயதுவரை எட்டு மணி, பதின்மூன்று முதல் பதினாறுவரை பத்து மணி. அதற்குமேல் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது. நள்ளிரவிலும் வெளிச்சம் போகாத கோடையில் மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதல். நம் ஊரில் இந்த விதி மகள்களுக்கு என்றைக்கோ வந்துவிட்டது. அங்கே மகனுக்கும் அதே கடிகாரம்தான்.

விதியைக் காப்பாற்ற போலீஸை மட்டும் நம்பவில்லை. ‘பெற்றோர் நடை’ என்று ஒரு வழக்கம். வார இறுதி இரவுகளில் அப்பா அம்மாக்கள் சிறு குழுக்களாகத் தெருக்களிலும் பூங்காக்களிலும் நடந்து வருவார்கள். யாரையும் பிடித்துக் கொடுப்பதில்லை. நேரமாகிவிட்டதே, வீட்டுக்குப் போகலையா என்று கேட்பார்கள். எதிர் வீட்டு மாமா கேட்கும் கேள்விக்கு இருக்கும் கூச்சம் போலீஸ்காரர் கேட்கும்போது வருவதில்லை.

சட்டமும் கூடவே வந்தது. வயது வந்தவர் என்ற தகுதி 1998 முதல் பதினாறிலிருந்து பதினெட்டுக்கு உயர்ந்தது. பதினெட்டுக்குக் கீழே புகையிலை இல்லை, இருபதுக்குக் கீழே மது இல்லை, விளம்பரங்களுக்குத் தடை.

சரி, பத்து மணிக்கு வீடு என்றால் பள்ளி விட்டதிலிருந்து பத்து மணிவரை? இங்கேதான் அரசு பணத்தை எடுத்தது. உள்ளரங்கக் கால்பந்துத் திடல்கள் எழும்பின. கெப்லாவிக்கில் 2000-இல் முழு அளவு அரங்கு திறக்கப்பட்டது. ரெய்க்யவிக் நகராட்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் பொழுதுபோக்கு அட்டை கொடுத்தது. 2016 வாக்கில் அதன் மதிப்பு ஆண்டுக்கு 35,000 குரோனா, அன்றைய கணக்கில் சுமார் இருபதாயிரம் ரூபாய். அது பெற்றோர் கைக்கு வராது, விளையாட்டுக் கழகத்தின் அல்லது இசைப் பள்ளியின் கட்டணத்தில் கழியும். 1997-இல் வாரம் நான்கு முறையாவது விளையாடிய பதினைந்து பதினாறு வயதினர் 24 சதவீதம். 2012-இல் 42. பெற்றோரோடு வார நாட்களில் அடிக்கடி நேரம் கழிப்பதாகச் சொன்னவர்கள் 23-லிருந்து 46 ஆனார்கள். 2016-இல் அந்தச் சின்ன நாடு யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2–1 என்று வீட்டுக்கு அனுப்பியது தனிக்கதை. நாமோ பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுத்துவிட்டு, மாலையை ட்யூஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

கணக்கெடுப்பு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிரப்பிய தாள்கள் அலமாரியில் தூங்குவதில்லை. இரண்டே மாதத்தில் உன் ஊரில் நிலவரம் இது, உன் பள்ளியில் இது என்று தனித்தனி அறிக்கை திரும்பி வந்துவிடும். நாட்டின் சராசரி யாரையும் உறுத்தாது. ‘நம்ம ஸ்கூல்ல இத்தனை பேர்’ என்றால் பெற்றோர் கூட்டத்தில் நாற்காலி நிறையும்.

2016-இல் எண்கள் இப்படி இருந்தன: ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்தவர்கள் 5 சதவீதம், தினம் புகைப்பவர்கள் 3, கஞ்சா தொட்டவர்கள் 7.

இதை அப்படியே மாலை போட்டு வரவேற்க எனக்குத் தயக்கமும் உண்டு. இதே காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளில், இப்படி எந்தத் திட்டமும் இல்லாமலே, பதின்வயதினரின் குடி குறைந்திருக்கிறது. ஐஸ்லாந்தின் சரிவு மிகச் செங்குத்தானது என்பது உண்மை. அதில் எத்தனை பங்கு திட்டத்துக்கு, எத்தனை காலத்துக்கு என்று பிரிக்க முடியாது. அந்த நாட்டுப் பெரியவர்களின் குடியோ தொண்ணூறுகளைவிடக் கூடியிருக்கிறது. இரவு பத்துக்கு மகனை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட அப்பாவுக்கு எந்த உடன்படிக்கையும் இல்லை. சிகரெட் போன இடத்தில் உதட்டுக்குள் அதக்கும் நிக்கோட்டின் பொட்டலம் இளைஞர்களிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சின்ன நாடு, பணக்கார நாடு, அங்கே நடக்கும், இங்கே நடக்குமா என்பது வழக்கமான ஆட்சேபம். லிதுவேனியாவின் கௌனாஸ் நகரம் 2006-இல் இதே கேள்வித்தாளை எடுத்துக்கொண்டது. ஐஸ்லாந்து அளவுக்கு அங்கே பணம் இல்லை. பள்ளிகள், பெற்றோர்கள், தேவாலயங்கள், போலீஸ் என்று இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 2014-க்குள் ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்த பிள்ளைகளின் விகிதம் ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. சிலி நாடு அரசுத் திட்டமாகவே இதைக் கொண்டுபோனது. அங்கே உழைக்கும் வீடுகளில் அம்மாவும் அப்பாவும் திரும்புவதே இரவில்தான். ‘பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள்’ என்பதை அவர்களிடம் சொல்வதற்கு முன்னால் அவர்களின் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரட்டை ஷிப்ட் பார்க்கும் வீட்டுக்கும் இதே கதிதான். எந்தக் கேள்வித்தாளிலும் முதலாளிக்கென்று ஒரு பக்கம் நான் இதுவரை பார்க்கவில்லை.

(அடுத்த வாரம்: குடிநோயாளிகளுக்கு ஊரே கூடி முகாம் போட்ட திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி)