வேரில் வார்க்க வேண்டிய நீர்

பிறந்த மண்ணை விட்டுப் போக எவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. மத்திய அமெரிக்காவிலுள்ள ஹாண்டுராஸ் தேசத்துக் குடியானவனும் இதற்கு விலக்கல்ல. ஆயினும் 2018-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அந்நாட்டின் ஸான் பெட்ரோ ஸூலா நகரிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டம் வழியில் பல்லாயிரமாகப் பெருகிற்று. கைக்குழந்தைகளுடன் மெக்ஸிகோவைக் கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளை அடைந்துவிட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

வாசகர்கள் காரணம் கேட்கலாம். மழை பொய்த்தால் மக்காச்சோளமும் பீன்ஸும் கருகிப் போகின்றன. 2012-ல் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் பாழாக்கிற்று. 2020 நவம்பரிலோ, ஏட்டா, அயோட்டா என்ற இரு சூறாவளிகள் ஒரே மாதத்தில் தாக்கின. இவற்றுக்கு மேல் கொள்ளைக் கூட்டத்தாரின் பயமுறுத்தல் வேறு!

எல்லையில் மதில் எழுப்பினால் மட்டும் இந்தத் துயரம் தீராது என்பதை உணர்ந்தே, 2021 டிசம்பரில் இரண்டு அரசாங்க ஸ்தாபனங்கள் கைகோத்தன. ஒன்று, மெக்ஸிகோவின் 'அமெக்ஸிட்'. மற்றொன்று, ஐக்கிய நாடுகளின் 'யூ.எஸ். எய்ட்'. ஹாண்டுராஸ், குவாதமாலா, எல் ஸால்வடார் ஆகிய தேசங்களுக்காக அவை வகுத்த திட்டத்திற்கு 'வாய்ப்புகளை விதைத்தல்' என்று பெயர்.

மெக்ஸிகோ தன் அநுபவத்தை முதலாக வைத்தது. அங்கே 2019 முதல் 2.5 ஹெக்டேர் நிலத்தில் பயிருக்கிடையே பழமரங்களும் தச்சு வேலைக்குரிய மரங்களும் நடும் சிறு விவசாயிக்கு மாதாமாதம் ஊதியம் அளித்து வந்தார்கள். வேலையற்ற இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தொழிலும் பழக்கினார்கள். கூலிக்கு ஊரை விட்டு ஓட வேண்டியவன் சொந்த நிலத்திலேயே கூலி பெறுவதைக் காட்டிலும் சிறந்த உபாயம் ஏது?

ஆனால், 2025 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் புதிய சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அவ்வருஷம் ஜூலை 1-ந் தேதி 'யூ.எஸ். எய்ட்' ஸ்தாபனத்தின் கதவே அடைபட்டது. எஞ்சிய அலுவல்கள் வெளிநாட்டு இலாகாவைச் சேர்ந்தன.

காப்பிச் செடி காய்க்கவே மூன்று நான்கு வருஷம் ஆகும். மரம் வைரம் பாய ஒரு தலைமுறை ஆகும். தேர்தலுக்குத் தேர்தல் மாறும் மனத்தை நம்பி ஏழை எப்படி மரம் நடுவான்? உதவி செய்ய வருகிறவர்கள் பணத்துடன் பொறுமையையும் கொண்டு வர வேண்டும். இல்லாவிடில், பாதியில் நீர் நின்ற கன்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, அந்தக் குடியானவன் மீண்டும் மூட்டையைக் கட்டுவான். அப்போது அவனைக் குறை கூற நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?