உங்களுக்குத் தெரியுமா? ஓர் இழை, பல அலைநீளங்கள்

தலைமுடியளவே தடிமனுள்ள ஒரே கண்ணாடி இழையில், அலைநீளத்தால் வேறுபட்ட பல லேசர் ஒளிகள் தனித்தனித் தரவுகளைச் சுமந்து ஒரே நேரத்தில் செல்கின்றன. அலைநீளப் பகுப்புப் பன்மையாக்கம் எனப்படும் இம்முறையில், ஒரு முனையில் ஒன்றுசேர்க்கப்படும் ஒளிகள் மறுமுனையில் வடிகட்டிகளால் பிரிக்கப்படுகின்றன. நெடுந்தொலைவு இணைப்புகளில், கண்ணாடியில் இழப்பு மிகக் குறைவாக உள்ள 1550 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிர்களே பயன்படுவதால் இவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே ஏறத்தாழ 0.4 நானோமீட்டர் மட்டுமே விடப்படும்போது, 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான ‘சி’ பட்டையில் 80-க்கும் மேற்பட்ட தடங்கள் அடங்கிவிடுகின்றன. எனினும், இம்முறையைக் கண்டங்களுக்கிடையே கொண்டுசென்ற பெருமை, 1987-இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்திலும் பெல் ஆய்வகத்திலும் உருவான எர்பியம் இழைப் பெருக்கியையே பெரிதும் சாரும். எர்பியம் என்னும் அருமண் தனிமம் கலந்த இக்கண்ணாடி இழை, ஒளியை மின்குறிப்பாக மாற்றாமலேயே, பட்டையிலுள்ள எல்லா அலைநீளங்களையும் ஒருசேர வலுவூட்டுகிறது.